ஏழுக்கு ஒன்று: தமியாவின் மூன்று ஸ்பிட்ஃபயர் நிறங்கள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஷேடு பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் துண்டுத் துணியின் நிறத்தை நம் நூலில் அப்படியே கொண்டுவருவதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விமான மாதிரிகள் செய்கிறேன். இந்த முறை 1/48 அளவில், ஜப்பானிய மாதிரி நிறுவனமான தமியாவின் ஸ்பிட்ஃபயர் மார்க் 5பி, இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம். அதற்கென்று வாங்கிய மூன்று தமியா அக்ரிலிக் புட்டிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்: எக்ஸ்எஃப்-81 டார்க் கிரீன் 2, எக்ஸ்எஃப்-82 ஓஷன் கிரே 2, எக்ஸ்எஃப்-83 மீடியம் சீ கிரே 2. ஒவ்வொன்றும் 10 மி.லி.

நான் செய்ய விரும்பியது பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆவது ஸ்குவாட்ரனின் (படைப்பிரிவின்) விமானம். அந்த ஸ்குவாட்ரனின் பெயரோடு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரும் சேர்ந்தே இருக்கும். காலம் 1941இன் கடைசி மாதங்கள். நிறத்தில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை பிரிட்டிஷ் போர் விமானங்களின் மேல்பக்கம் பச்சையும் மண்பழுப்புமாக இருந்தது. சண்டை இங்கிலாந்தின் வயல்வெளியை விட்டு ஆங்கிலக் கால்வாய்க்கும் வடக்கு பிரான்சுக்கும் நகர்ந்த பிறகு, கடலுக்கு மேலே அந்தப் பழுப்பு எடுப்பாகத் தெரிந்தது. பழுப்பை நீக்கி ஓஷன் கிரே அடிக்க உத்தரவு வந்தது. புதிய பெயிண்ட் கைக்கு வராத இடங்களில், இருப்பதைக் கலந்து அடித்தார்கள்: மீடியம் சீ கிரே ஏழு பங்கு, கறுப்பு ஒரு பங்கு. இதைத்தான் 'மிக்ஸ்டு கிரே' என்கிறார்கள். எனக்கு வேண்டியது இந்தச் சாம்பல்தான். அது நான் வாங்கிய மூன்று புட்டிகளில் எதிலும் இல்லை.

சொட்டுக்குழாயால் 83இல் பதினான்கு சொட்டு, எக்ஸ்எஃப்-1 கறுப்பில் இரண்டு சொட்டு விட்டுக் கலக்கினேன். வெள்ளை பிளாஸ்டிக் துண்டில் அடித்துக் காயவிட்டால் அடுப்புக்கரி நிறம்! ஒரு நிறுவனத்தின் சாயத்துக்கு எழுதிய அளவு இன்னொரு நிறுவனத்தின் சாயத்துக்குப் பொருந்தாது என்பது பட்டறையில் தினமும் பார்ப்பது. கறுப்பின் வீரியம் வேறு. கறுப்பைப் பாதியாக்கி, பதினான்குக்கு ஒன்று என்று மறுபடி கலந்தேன். இப்போது கிடைத்த சாம்பல் 82ஐ விடச் சற்று அடர்த்தி, நீலம் குறைவு. பச்சைக்குப் பக்கத்தில் வைத்ததும் மனம் நிறைந்துவிட்டது.

ஈரமாக இருக்கும்போது எந்த முடிவுக்கும் வராதீர்கள். எக்ஸ்எஃப் வரிசை மங்கலாகக் காய்வது. ஈரத்தில் ஆழமாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும், டீக்கால் (விமானச் சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டுவதற்காக மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்தால் மறுபடி ஆழமாகும். கடைசியில் மங்கல் வார்னிஷ் அடித்த துண்டைத்தான் ஒப்பிட வேண்டும். அதையும் பகல் வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில் பாருங்கள். டியூப் லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாம்பல்கள் ஜன்னலுக்கு வந்ததும் பிரிந்துவிடும். இதே காரணத்துக்காகத் திரும்பி வந்த துணி லோடுகளைப் பார்த்திருக்கிறேன்.

81 பச்சை அருமை. புட்டியிலிருந்தே அடிக்கலாம். சிறிய மாதிரியில் நிறம் கனத்துத் தெரியும் என்று வெள்ளை கலப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை, பச்சை சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிறது. எக்ஸ்எஃப்-57 பஃப் சில சொட்டு போதும், உயிரோடு வெளுக்கும்.

தின்னர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பெயர் இல்லாத ஏதோ ஒரு மலிவான தின்னரை ஊற்றியதில் ஒரு கோப்பை சாம்பல் திரிந்த பாலாகிவிட்டது. எக்ஸ்-20ஏ தின்னரைச் சம அளவில் கலந்து, ஏர்பிரஷ் என்னும் பெயிண்ட் தெளிப்பானின் 0.3 மி.மீ. நாசிலில் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடித்தேன். சிறகின் விளிம்புவரை ஒரு பிசிறு இல்லை. கைத்தூரிகைதான் உங்கள் வழக்கம் என்றால் இந்த வகை பெயிண்டைப் பரிந்துரைக்க மாட்டேன். விரைவில் காய்வதால் தூரிகைத் தடம் நிற்கும், இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுக்கும்.

வால்பக்கம் உடலைச் சுற்றி வரும் 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை நிறப் பட்டைதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அசலில் அதன் அகலம் 18 அங்குலம், 1/48இல் 9.5 மி.மீ. முதலில் அந்த இடத்தில் எக்ஸ்எஃப்-21 ஸ்கை அடித்துக் காயவிட்டேன். 10 மி.மீ. டேப்பில் அரை மி.மீ. சீவி எடுத்துச் சுற்றிவிட்டு, அதன்மேல் சாம்பலும் பச்சையும் அடித்தேன். மறுநாள் காலை டேப்பை உரித்தபோது, இளநீர்க்காயின் உள்தோல்போல வெளிறிய பச்சை வளையம் கத்தியால் வெட்டியதுபோல நின்றது. என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

1942க்குப் பிந்தைய விமானம் என்றால் மூன்று புட்டிகளையும் அப்படியே வாங்கிப் பயன்படுத்தலாம். 1941 என்றால் 82ஐ விட்டுவிட்டு 83இல் இரண்டு புட்டி வாங்குங்கள். ஒன்று அடிப்பக்கத்துக்கு, இன்னொன்று கலவைக்கு.