ஸ்கூல்ல 'எஸ்இஎல்' கிளாஸ்னு 2,400 ரூபா வாங்கறாங்களே, குடுக்கலாமா? ஒரு சேலத்து அப்பாவோட ரிவ்யூ

பையன் படிக்கிறது சேலத்துல தான், ஸ்கூல் பேரு வேணாம். இந்த வருஷ ஃபீஸ் ரசீதுல புதுசா ஒரு ஐட்டம் சேர்ந்துச்சு, 'எஸ்இஎல் ப்ரோகிராம், ரூ.2,400'. சோஷியல் எமோஷனல் லேர்னிங்காம். கோபம் வந்தா எப்படிச் சமாளிக்கறது, பக்கத்துல இருக்கறவன் அழுதா என்ன பண்றது, சண்டைய பேசி எப்படி முடிக்கறது, இதெல்லாம் பாடமா நடத்துவாங்க, அதுக்கு வெளிய இருந்து ஒரு கம்பெனி வருது. ஆறாவது செக்‌ஷன் வாட்ஸ்அப் குரூப்ல அன்னிக்கே கச்சேரி ஆரம்பிச்சிருச்சு, "இதெல்லாம் வீட்ல பாட்டி சொல்லிக் குடுக்கறது தானே, இதுக்குமா காசு"ன்னு ஒரு கோஷ்டி, "காலம் மாறிப்போச்சுங்க, புள்ளைங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஜாஸ்தி"ன்னு இன்னொரு கோஷ்டி. இப்ப வருஷம் முடியப்போகுது, அட்மிஷன் சீசன் வேற, ஹஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வேற சில ஸ்கூல்லயும் இந்த மாதிரி ஏதோ ஒண்ணு ஆரம்பிக்கப் போறதா கேள்வி, தெரிஞ்சவங்க எல்லாம் கேக்கறாங்க, அதான் எழுதிப்போடலாம்னு.

நான் செவ்வாப்பேட்டையில கொலுசு பட்டறை வச்சிருக்கேன், கல்வியாளர் எல்லாம் கெடையாது. குடுத்த காசுக்கு என்ன சரக்கு வந்துச்சுன்னு பாக்கத் தெரியும், அவ்ளோதான்.

வந்த சரக்கு என்னன்னா, கலர் கலரா ஒரு ஒர்க்புக், கிளாஸ் சுவத்துல ஒட்ட ஒரு சார்ட், பெத்தவங்க போன்ல போட ஒரு ஆப், வாரத்துக்கு ஒரு பீரியட் ட்ரெய்னர் வந்து எடுக்கற கிளாஸ். சார்ட்டு நெசமாவே நல்லா இருக்குங்க. நாலு கட்டம். சிவப்புன்னா உடம்புல வேகம் ஜாஸ்தி, மனசு சரியில்ல (கோபம், பதட்டம்). மஞ்சள்னா வேகமும் இருக்கு சந்தோசமும் இருக்கு. நீலம்னா சோர்ந்து போய் வருத்தமா இருக்கறது, பச்சைன்னா அமைதியா நிம்மதியா இருக்கறது. அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில உருவாக்குன ஒரு முறையில இதே மாதிரி நாலு கலர் கட்டம் உண்டு, அங்க இருந்து எடுத்திருப்பாங்க போல, தப்பில்ல. எங்க பையனுக்கு வாய தொறந்து "எனக்கு ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொல்றதுக்கே கஷ்டம், இப்ப சாயங்காலம் வேன்ல இருந்து எறங்கும்போதே "அப்பா நான் ரெட்டு, கொஞ்ச நேரம் பேசாத"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடறான், அரைமணி நேரம் கழிச்சு அவனே வந்து தட்டுவடை செட்டு வாங்கித் தான்னு கேக்கறான். முன்னாடி இதே நேரத்துல பை பறக்கும், கதவு படார்னு சாத்தும், அவங்கம்மா கத்துவாங்க, நான் பதிலுக்குக் கத்துவேன். இது ஒண்ணுக்கே ஒரு ஐநூறு ரூபா குடுக்கலாம்னு வைங்க.

ஒர்க்புக்கு தான் வயித்தெரிச்சல். அதுல ரயன்னு ஒரு பையன், அவன ஃப்ரெண்டு வீட்டு ஸ்லீப்ஓவருக்கு கூப்பிடல, அவன் மனசு எப்படி இருக்கும்னு எழுதணுமாம். எங்க ஆளு "ஸ்லீப்ஓவர்னா என்னப்பா"ன்னு கேட்டான் (ராத்திரி ஃப்ரெண்டு வீட்லயே தங்கறதாம்). இவன் கிளாஸ்ல குகை, அம்மாபேட்டை பக்கம் தறி ஓட்டற வீட்டுப் புள்ளைங்க இருக்காங்க, கொண்டலாம்பட்டில இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றவங்க இருக்காங்க. அந்தப் புள்ளைங்களுக்கு வர்ற பிரச்சனையே வேற. ஃபீஸ் கட்டலன்னு கிளாஸ்ல எழுப்பி நிக்க வச்சா என்ன ஆகும், டிபன் பாக்ஸ்ல தெனமும் தக்காளி சாதம்னு கிண்டல் பண்ணா என்ன பண்றது, நீ எந்த ஆளுங்கன்னு ஒருத்தன் கேட்டா என்ன சொல்றது, இது எதுவும் அந்த புக்ல இல்ல. யாராச்சும் தப்பா தொட்டாலோ மெரட்டுனாலோ புள்ளைங்களே கூப்பிடறதுக்குன்னு 1098 இருக்கு, தமிழ்நாடு பள்ளிக்கல்வித்துறையோட 14417 இருக்கு, அந்த நம்பர்களும் எங்கயும் இல்ல, ஆனா ஸ்டிக்கர் மட்டும் ரெண்டு ஷீட்டு.

ஆப்பு அதவிட மோசம். நைட்டானா "இன்னிக்கு உங்க குழந்தை எப்படி ஃபீல் பண்ணாங்க"ன்னு நோட்டிபிகேஷன், ஒரு மூஞ்சிய தொட்டு அனுப்பணும். இந்த விவரமெல்லாம் எங்க போகுது, யாரு பாக்கறாங்கன்னு கேட்டா பதிலே இல்ல. 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க விவரத்த எடுக்க பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்குங்க. நாங்க எங்கயும் கையெழுத்து போட்ட ஞாபகம் இல்ல. நான் டெலிட் பண்ணிட்டேன், நீங்களும் யோசிச்சுக்கங்க.

இனி முக்கியமான மேட்டர். ஆரம்பத்துல பேரண்ட்ஸ் மீட்டிங்ல கம்பெனிக்காரர் ஸ்லைடு போட்டு "ரிசர்ச்ல ப்ரூவ் ஆயிருக்கு, மார்க்கு 11 பர்சன்ட் ஏறும்"னு சொன்னாரு, கைதட்டல் வேற. எனக்கு உறுத்துச்சு, படிக்கிற அண்ணன் பையன் ஒருத்தன பிடிச்சு தேடிப் பாத்தோம். அவரு சொன்னது 2011ல வந்த ஒரு பெரிய ஆய்வு, 213 ப்ரோகிராம், ரெண்டு லட்சத்து எழுபதாயிரத்துச் சொச்சம் மாணவர்கள், நல்ல ஆய்வு தான், அதுல சந்தேகமில்ல. ஆனா 11ங்கறது மார்க்கு இல்ல, பர்சன்டைல். அதாவது நூறு பேர வரிசையா நிக்க வச்சா கீழ இருந்து அம்பதாவது எடத்துல நிக்கறவன் அறுபத்தொண்ணாவது எடத்துக்கு வருவான்னு அர்த்தம், அறுபது வாங்கறவன் எழுபத்தொண்ணு வாங்குவான்னு இல்ல. அதுவும் சராசரியா. அதவிட பெரிய விசயம் என்னன்னா, யாரு நடத்துனாங்கன்னும் அதே ஆய்வுல பிரிச்சுப் பாத்திருக்காங்க, ஸ்கூல் ஆளுங்களே நடத்துன எடத்துல தான் படிப்புல குறிப்பிட்டுச் சொல்ற முன்னேற்றம் தெரிஞ்சிருக்கு, வெளியாளு வந்து எடுத்துட்டுப் போனதுல படிப்பு அந்த அளவு ஏறல. அந்த ஸ்லைடு மட்டும் மீட்டிங்ல வரல பாருங்க.

மூச்சுப் பயிற்சி, கண்ண மூடி உக்காருங்கறது எல்லாம் போட்டா போதும்னு நெனைக்கறவங்களுக்கு இன்னொண்ணு. பிரிட்டன்ல 85 ஸ்கூல்ல, 8,000 பேருக்கு மேல, மைண்ட்ஃபுல்னஸ் கிளாஸ் வச்சு பெருசா சோதிச்சாங்க, 2022ல ரிசல்ட் வந்துச்சு, வழக்கமா ஸ்கூல்ல நடக்கற எஸ்இஎல் பாடத்தவிட இது மேலன்னு சொல்றதுக்கு ஒண்ணும் கெடைக்கல. நெறைய புள்ளைங்க வீட்ல போய் அத செஞ்சே பாக்கலயாம். நம்ம ட்ரெய்னர் பாதி பீரியட் அதுக்கே ஓட்டறாங்க. அவங்கள குத்தம் சொல்லல, சின்னப் பொண்ணு, ஒரே நாள்ல எட்டு செக்‌ஷன் எடுக்குது, புள்ளைங்க பேரு கூட தெரியாது, நடுவுல ஆளும் மாறிட்டாங்க. முகம் தெரியாத ஆளுகிட்ட எந்தப் பையன் மனசத் தொறப்பான்?

அப்ப ஏங்க பையன் மாறுனான்னு கேப்பீங்க. கிளாஸ் மிஸ். அந்தம்மா தமிழ் எடுக்கறவங்க, கம்பெனி புக்க ஓரமா வச்சுட்டு தெனமும் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பத்து நிமிசம் இதுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. "உள்ளேன் மிஸ்"ன்னு சொல்றதுக்குப் பதிலா கலர் சொல்லணும். நீலம்னு சொன்னவன உடனே கேள்வி கேக்க மாட்டாங்க, இன்டர்வெல்ல கூப்பிட்டு போர்டு தொடைக்கச் சொல்லிட்டு மெதுவா பேச்சுக் குடுப்பாங்களாம். அப்புறம் ஒரு ஸ்வீட் டப்பாவுக்கு மேல ஓட்டை போட்டு வச்சிருக்காங்க, பிரச்சனைய பேரு போடாம எழுதிப் போடணும், வெள்ளிக்கிழமை ஒண்ணு எடுத்து கிளாஸே பேசி முடிவு பண்ணும்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்த சீட்டு, "வேன்ல எனக்கு தெனமும் கடைசி சீட்டு தான் தர்றாங்க, வாந்தி வருது, சொன்னா சிரிக்கறாங்க". மிஸ் யாரு எழுதுனதுன்னு தேடல, யாரு சிரிச்சதுன்னும் கேக்கல. "கடைசி சீட்டுல உக்காந்தா எப்படி இருக்கும், உக்காந்தவங்க சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டிருக்காங்க. ஒவ்வொருத்தனா சொல்லச் சொல்ல, ஜன்னல் சீட்டு பார்ட்டிங்க வாயடைச்சுப் போச்சு, அப்புறம் அவனுங்களே திங்கள்ல இருந்து சனி வரைக்கும் சீட்டு மாத்தி மாத்தி உக்கார ஒரு லிஸ்ட் போட்டு வேன் டிரைவர் அண்ணன்கிட்ட குடுத்துட்டாங்க. அந்த லிஸ்ட் இன்னும் வேன் கண்ணாடில ஒட்டியிருக்கு, நான் பாத்தேன், வாந்தி வர்றவங்களுக்கு முன் சீட்டுன்னு ஓரமா பேனாவுல தனியா எழுதி வச்சிருக்காங்க. அமெரிக்காவுல 1994ல ஆரம்பிச்ச கேசல்னு ஒரு அமைப்பு இந்தத் திறமைகள அஞ்சா பிரிக்குது, தன் மனச புரிஞ்சிக்கறது, அத கட்டுக்குள்ள வைக்கறது, அடுத்தவன் எடத்துல நின்னு பாக்கறது, ஒத்துப் பழகறது, யோசிச்சு முடிவெடுக்கறது. அஞ்சும் ஒரு வேன் சீட்டு பஞ்சாயத்துல வந்துருச்சு, செலவு ஒரு காலி ஸ்வீட் டப்பா.

என் தங்கச்சி ஏற்காடு மேல ஒரு அரசு உண்டு உறைவிடப் பள்ளியில டீச்சர். அவகிட்ட இதச் சொன்னா சிரிக்கறா. அங்க மலைக்கிராமத்துப் புள்ளைங்க, ஆறு வயசுலயே வீட்ட விட்டு வந்து ஹாஸ்டல்ல தங்குது, லீவு முடிஞ்சு வந்த முதல் நாள் ராத்திரி பூரா அழுகை தான். அவங்க ஒவ்வொரு சின்னப் புள்ளைக்கும் ஒரு பெரிய புள்ளைய ஜோடி போட்டுடுவாங்களாம், அக்கா தலை சீவி விடணும், கூட உக்காந்து சாப்பிடணும். காலைல எல்லாரும் வட்டமா உக்காந்து ஊர்க்கதை பேசணும், எங்க வீட்டுல காப்பிப் பழம் பறிச்சாங்க, ஆடு குட்டி போட்டுச்சுன்னு. வட்டத்துல வாயே தொறக்காத புள்ளைய அன்னிக்கு கூடுதலா கவனிப்பாங்க. "அண்ணா, உங்க 2,400ல எங்களுக்கு ஸ்வெட்டர் வாங்கிக் குடு"ன்னா. என்ன சொல்றது.

ஸ்கூல் மேல எனக்கு இருக்கற பெரிய கோவம் வேற. 'அடுத்தவர் மனதை மதிப்போம்'னு சார்ட்டு ஒட்டியிருக்கற அதே சுவத்துக்கு முன்னாடி நின்னு இன்னொரு வாத்தியார் டெஸ்ட் மார்க்க கம்மியா வாங்குனவன்ல இருந்து ஆரம்பிச்சு சத்தமா படிக்கறாரு. பத்தவைப்பு விட்டுப்போன கொலுசுக்கு பாலிஷ் போட்டு என்ன பிரயோஜனம், கால்ல மாட்டுனா பிச்சுக்கும். புள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு கிளாஸ் எடுக்கணுங்க. அது போதாதுன்னு அரையாண்டு ரிப்போர்ட் கார்டுல 'எம்பதி: பி ப்ளஸ்'னு போட்டு அனுப்பறாங்க. இரக்கத்துக்கு கிரேடு! பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு சி வந்து அது அழுது, அதுக்கு ஆறுதல் சொல்ல எங்க பி ப்ளஸ் போனான். டெல்லி அரசுப் பள்ளிகள்ல 2018 ஜூலைல ஹேப்பினஸ் கிளாஸ்னு ஆரம்பிச்சாங்களே, எட்டாவது வரைக்கும், அதுல பரீட்சையே வைக்கல. ஒரு கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சது காசு வாங்கற கம்பெனிக்குத் தெரியல.

ஸ்டாரு கேட்டீங்கன்னா கம்பெனி கிட்டுக்கு ரெண்டு, சார்ட்டுக்காக. கிளாஸ் மிஸ்ஸுக்கு அஞ்சு, ஆனா அவங்க சம்பளத்துல அந்த 2,400ல ஒத்த ரூபா ஏறலங்கறதையும் சொல்லிடறேன்.

உங்க ஸ்கூல்ல இதுக்கு காசு கேட்டா கட்டறதுக்கு முன்னாடி கேளுங்க: யாரு நடத்தறா, கிளாஸ் டீச்சருக்கு ட்ரெய்னிங் உண்டா, தெனமும் நடக்குமா இல்ல வாரத்துல ஒரு நாள் கூத்தா, கிரேடு போடுவாங்களா, ஆப் கட்டாயமா. "எல்லாம் கம்பெனி பாத்துக்கும்"னு பதில் வந்தா யோசிங்க.

நாங்க கொஞ்ச பேரண்ட்ஸ் சேர்ந்து பிரின்சிபால் மேடத்துகிட்ட எழுதிக் குடுத்தோம், ட்ரெய்னர நிறுத்திட்டு அந்தக் காசுல நம்ம டீச்சர்களுக்கே ட்ரெய்னிங் குடுங்க, ஆப்ப எடுங்க, கிரேட எடுங்கன்னு. கிரேட எடுத்துடறோம்னு சொல்லியிருக்காங்க. ஆப்பு அடுத்த வருசம் "விருப்பம் இருந்தா மட்டும்". ட்ரெய்னர் விசயம் மேனேஜ்மென்ட் முடிவு பண்ணணுமாம், ஆனா அடுத்த வருச ஃபீஸ் சர்குலர் அதுக்குள்ள வந்துருச்சு, 2,800.