என்கோடர் அளவைக் காட்டுவதற்குத் தனி பேனல் மீட்டரா, பி.எல்.சி.யும் திரையுமா?

சுழலும் தண்டான ஷாஃப்டில் பொருத்தி அதன் சுழற்சியை மின் துடிப்புகளாக மாற்றும் கருவியே என்கோடர். அது அனுப்பும் அந்தத் துடிப்புகளை, அதாவது பல்ஸ்களை, இயந்திரத்தை இயக்குபவர் படிக்கக்கூடிய நிலை (எவ்வளவு நகர்ந்தது), வேகம் ஆகிய எண்களாக மாற்ற இரண்டு வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. என்கோடரின் கம்பிகளை நேராக எண்ணிக் காட்டும் சிறு கருவியான ஒரு தனி பேனல் மீட்டருக்குக் கொண்டுசெல்வது ஒன்று, இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் நிரலை ஓட்டும் பி.எல்.சி.யின் அதிவேகக் கவுண்டரில் எண்ணி, அதை இயக்குபவருக்கான எச்.எம்.ஐ. திரையில் காட்டுவது மற்றொன்று. விலையையும் பேனலில் எஞ்சியிருக்கும் இடத்தையும் வைத்தே பலரும் இரண்டில் ஒன்றைத் தேர்கிறார்கள். ஆனால், அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது யார் என்பதுதான் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து. கண்ணால் பார்த்துக் கையால் நிறுத்துபவரின் தேவையும் நிரலின் தேவையும் வேறுவேறானவை.

கையால் நிறுத்தும் இயந்திரங்களில் தாமதமே பெரிய குறை. பி.எல்.சி. சில மில்லிநொடிகளில் ஒரு ஸ்கேனை, அதாவது நிரலின் ஒரு முழு ஓட்டத்தை, முடித்துவிட்டாலும், திரை அரை நொடிக்கு ஒருமுறைதான் மதிப்பைக் கேட்டு வாங்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், நொடிக்கு 10 மி.மீ. என்ற மெதுவான நகர்விலேயே காட்டப்படும் எண் 5 மி.மீ. வரை பின்தங்கியிருக்கும், நொடிக்கு அரை மீட்டர் ஓடும் லைனில் அந்தப் பின்னடைவு 250 மி.மீ. ஆகிவிடும். பேனல் மீட்டரில் எண்ணுவதும் காட்டுவதும் ஒரே கருவிக்குள் நடப்பதால் இந்தப் பின்னடைவு மிகக் குறைவு. அதன் பெரிய எல்.இ.டி. இலக்கங்கள் தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிகின்றன. இத்தகைய இயந்திரத்துக்கு நான் தயங்காமல் பேனல் மீட்டரையே பரிந்துரைப்பேன்.

நிலையைப் பொறுத்து இயந்திரம் தானாக நிற்க வேண்டும், பல அச்சுகளை ஒப்பிட வேண்டும், எச்சரிக்கைகளும் பதிவுகளும் வேண்டும் என்றால் பி.எல்.சி.க்கு மாற்று இல்லை. ஆனால் சாதாரண உள்ளீட்டில் என்கோடரை இணைக்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு 1024 பல்ஸ் தரும் என்கோடர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும்போது 51.2 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணைத் தருகிறது. சில மில்லிநொடி வடிகட்டி கொண்ட உள்ளீடு இதில் ஒன்றையும் பிடிக்காது. அதிவேகக் கவுண்டர் உள்ளீடோ தனி கவுண்டர் மாட்யூலோ கட்டாயம் தேவை.

ஓர் எண்ணிக்கை எத்தனை மி.மீ. என்று சொல்லும் அளவுமாற்றக் காரணியிலும் பி.எல்.சி.க்கே சாதகம். 200 மி.மீ. விட்டமுள்ள அளவுச் சக்கரத்தில் அதே என்கோடரைப் பொருத்தி, அது தரும் ஏ, பி என்ற இரண்டு பல்ஸ் வரிசைகளில் (சேனல்களில்) ஒவ்வொரு பல்ஸும் ஏறும், இறங்கும் எல்லா விளிம்புகளையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 4096 எண்ணிக்கை கிடைக்கும். ஓர் எண்ணிக்கைக்கு 0.153398 மி.மீ. மூன்று தசம இடங்களை மட்டும் ஏற்கும் மீட்டரில் இதை 0.153 என்று பதிந்தால், ஒரு கிலோமீட்டர் ஓடிய பிறகு சுமார் 2.6 மீட்டர் குறைவாகக் காட்டும். மீட்டரை வாங்குமுன் காரணியில் எத்தனை இலக்கம் அனுமதிக்கப்படுகிறது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது அவசியம்.

வேகத்தைக் காட்டும்போதுதான் ஒப்பீடு உண்மையில் நுட்பமாகிறது. குறித்த நேரத்துக்குள் வந்த பல்ஸ்களை எண்ணுவது ஒரு முறை. ஒரு பல்ஸுக்கும் அடுத்த பல்ஸுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளப்பது இன்னொரு முறை. 0.1 நொடிக்கு ஒருமுறை எண்ணினால், 3000 சுற்றில் 5120 பல்ஸ் கிடைப்பதால் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பாதிப்பில்லை. ஆனால் நிமிடத்துக்கு 3 சுற்றில் கிடைப்பவை ஐந்தோ ஆறோதான், திரை 2.93-க்கும் 3.52-க்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். ஒரு மைக்ரோநொடித் துல்லியமுள்ள கடிகாரத்தால் இடைவெளியை அளந்தால் நிலைமை தலைகீழாகிறது: 3 சுற்றில் இடைவெளி சுமார் 19,531 மைக்ரோநொடி என்பதால் அளவீடு மிக நேர்த்தியாக இருக்கும், 3000 சுற்றிலோ இடைவெளி 19 அல்லது 20 மைக்ரோநொடி என்றே பதிவாகி, வேகம் 3084 என்றும் 2930 என்றும் மாறிமாறித் தெரியும். இந்த எண்களின்படி இரு முறைகளும் சமமாகும் இடம் நிமிடத்துக்குச் சுமார் 185 சுற்று. குறித்த நேரத்துக்குள் வந்த முதல் பல்ஸுக்கும் கடைசிப் பல்ஸுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, இடையில் கடந்த பல்ஸ் எண்ணிக்கையை அதனால் வகுக்கும் கலப்பு முறை இரண்டு முனைகளிலும் கைகொடுக்கும்.

வேகத்தைக் காட்டும் நல்ல டேகோமீட்டர் வகைப் பேனல் மீட்டர்களில் இடைவெளி அளவீடோ கலப்பு முறையோ உள்ளேயே இருக்கிறது. பி.எல்.சி.யில் பெரும்பாலும் நிரலர் ஒவ்வொரு ஸ்கேனிலும் எண்ணிக்கையின் வித்தியாசத்தை எடுத்து வேகமாக்குகிறார். ஸ்கேன் நேரமே ஏறி இறங்குவதால் சீராக ஓடும் ஷாஃப்டும் தடுமாறுவதுபோல் தெரிகிறது. அந்தக் கணக்கை நிலையான கால இடைவெளியில், ஸ்கேனை இடைமறித்து ஓடும் குறுக்கீட்டு நிரலில் வைப்பதே சரியானது. இடைவெளி முறையைப் பின்பற்றும் எந்தக் கருவியிலும், ஷாஃப்ட் நின்ற பிறகு அடுத்த பல்ஸ் வரவே வராது என்பதால், இவ்வளவு நேரம் பல்ஸ் இல்லையென்றால் வேகம் சுழியம் என்ற காலவரம்பை வைத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் நின்றுவிட்ட இயந்திரத்தின் கடைசி வேகம் திரையிலேயே உறைந்து நிற்கும், அருகில் செல்பவருக்கு அது ஆபத்தான தவறான தகவல்.

மின்சாரம் போனபின் நிலை என்னவாகும் என்பதில் இரண்டு வழிகளுக்கும் பெரிய வேறுபாடில்லை. கடைசி எண்ணிக்கையை இரண்டுமே நினைவில் வைக்கலாம். ஆனால் மின்சாரம் இல்லாத நேரத்தில் ஷாஃப்ட் நகர்ந்திருந்தால் நகர்வுக்கேற்பப் பல்ஸ்களை மட்டும் தரும் இன்கிரிமென்டல் என்கோடரால் அதை அறிய முடியாது. அங்கே தேவைப்படுவது, பல சுற்றுகளுக்கும் சேர்த்து நிலையையே நேரடியாகத் தரும் மல்டிடர்ன் அப்சொல்யூட் என்கோடர்.

ஒரே என்கோடரைப் பேனல் மீட்டரும் பி.எல்.சி.யும் தனித்தனியே எண்ணும் அமைப்பை மட்டும் தவிர்க்க வேண்டும். இரைச்சலால் ஒன்று ஒரு பல்ஸை இழந்தாலும், இரண்டும் வெவ்வேறு கணத்தில் சுழியமாக்கப்பட்டாலும், இரு எண்களும் விலகத் தொடங்கும். எது சரி என்று இயக்குபவரால் தீர்மானிக்க இயலாது. ஒன்று மட்டும் எண்ணி மற்றதற்கு மதிப்பை அனுப்ப வேண்டும், அதுவும் எண்ணை எண்ணாகவே அனுப்பும் தொடர் தகவல்தொடர்பு வழியாக. மதிப்பை மின்னோட்ட அளவாக்கி 4–20 மில்லியாம்பியர் அனலாக் வழியாக அனுப்பினால், மின்னோட்டத்துக்கும் எண்ணுக்கும் இடையே மாற்றும் 12 பிட் மாற்றியில் 10 மீட்டர் நகர்வு 4096 படிகளாகப் பிரிந்து ஒரு படி 2.4 மி.மீ. ஆகிவிடும்; வேகத்துக்கு அது போதும், நிலைக்குப் போதாது.