கண்ணி கழிப்பதா, செயின் மாற்றுவதா, மொத்தமும் மாற்றுவதா?

தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரத்துக்கு நாள்தோறும் நான் ஓட்டிச் செல்லும் கறுப்பு சைக்கிள் என் தந்தையார் வாங்கியது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முன்னால் 44 பல்லுள்ள செயின் வீல், பின்னால் 18 பல்லுள்ள பிரீவீல் என்று பால்காரரும் தபால்காரரும் ஒரு காலத்தில் ஓட்டிய அதே அமைப்பு. சென்ற மாதம் வியாசர்பாடி சுரங்கப்பாதையிலிருந்து மேலேறும்போது எழுந்து நின்று மிதித்தேன். செயின் ஒரு பல் தாண்டி விழ, என் முழங்கால் ஹேண்டில் பாரில் மோதியது. மறுநாள் மூன்று கடைகளில் காட்டினேன். முதற்கடைப் பெரியவர், “ஒரு கண்ணி எடுத்துட்டா இன்னும் ஆறு மாசம் ஓடும் தம்பி” என்றார். இரண்டாமவர் செயினை மட்டும் மாற்றச் சொன்னார். மூன்றாமவர் செயின், பிரீவீல், பெடலைத் தாங்கும் கிராங்க், அது பூட்டப்பட்ட ஆக்சில், அந்த ஆக்சிலின் குண்டுகள் உருளும் கப்பு என்று அனைத்தையும் கழற்றிப் புதிதாகப் போட்டால்தான் கை வைப்பேன் என்றார். ஒரே வண்டியைப் பார்த்து மூவரும் மூன்று விதமாகச் சொன்னதால், ஒவ்வொரு வழியும் எந்த நிலையில் பொருந்தும் என்பதை நானே அளந்து பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் தேய்மானம் எங்கே நிகழ்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். செயின் ‘இழுத்துவிட்டது’ என்று நாம் பேச்சில் சொல்கிறோமே தவிர, அதன் இரும்புத் தகடுகள் ரப்பரைப் போல நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஆணியும் அந்த ஆணி சுழலும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, மயிரிழை அளவு இடைவெளி விடுகின்றன, அந்த இடைவெளிகள் கூடிக்கூடியே செயின் நீளமாகிறது. புதுச் செயினில் ஆணிக்கு ஆணி சரியாக அரை அங்குலம் இருக்கும். அந்த அரை அங்குலம் பெருகியதும் புஷ்ஷின் மேல் சுழலும் உருளைகள் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி உட்காரும். மேலேறிய உருளை பல்லின் ஒரு பக்கத்தையே தின்னும். நாளடைவில் பல் சுறாவின் முதுகுத் துடுப்பைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பதால், பெடலை ஒரு முறை சுற்றினால் பின்பல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை முறை சுமை தாங்குகிறது. ஆகவே பிரீவீல் முந்தியும் செயின் வீல் பிந்தியும் தேய்வது இயல்பு.

வடசென்னையில் இந்தத் தேய்மானம் விரைவாகவே நடக்கிறது. கடலோரத்து உப்புக் காற்று ஒரு காரணம்; எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிப் பக்கமும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி இன்னொன்று. காசிமேட்டில் மீன்பெட்டி ஏற்றும் சைக்கிள்களைக் கவனித்தால், பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் நேராகச் செயினின் மேல் சொட்டுவதைக் காணலாம். அவ்வண்டிகளின் செயின் செந்நிறம் பூத்திருப்பதில் வியப்பில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் வண்டியும் பெடல் உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது. ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கும் மசகு கழுவப்பட்டு, அங்கே துருவும் மண்ணும் புகுந்துவிட்டால், பிறகு நாம் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் செயினைத் தேய்க்கும் அரமாகிவிடும்.

இப்போது பெரியவர் சொன்ன வழி. கண்ணி கழிப்பது செலவில்லாதது, பத்து நிமிட வேலை, தொங்கிய செயின் உடனே விறைப்பாகிவிடும். அதனாலேயே ஊரெங்கும் அது நடக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் அதன் குறை தெரிந்துவிடுகிறது. 112 கண்ணியுள்ள செயினின் நீளம் 56 அங்குலம். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் ஜோடியாகத்தான் கழிக்க முடியும். பேச்சில் ஒரு கண்ணி என்பது உண்மையில் இரண்டு, அதாவது ஓர் அங்குலம். தொடக்கத்தில் சரியான நீளத்தில் பூட்டப்பட்ட செயினில் ஓர் அங்குலம் கழிக்க இடம் கிடைக்கிறது என்றால், அச்செயின் 56-க்கு ஒன்று, ஏறக்குறைய 1.8 சதவீதம் நீண்டிருக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் நீண்ட செயின் பல்லைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது என்பது சைக்கிள் தொழிலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆக, கண்ணி கழிக்க இடம் இருக்கிறது என்பதே செயின் முடிந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. கழித்த பின்பும் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கண்ணியும் அதே அகன்ற கண்ணிதான். தொங்கல் மறையும், தேய்ப்பு மறையாது. என் செயினை எண்ணிப் பார்த்தேன்: 110 கண்ணிதான் இருந்தது. யாரோ எப்போதோ ஏற்கெனவே ஒரு ஜோடியைக் கழித்திருக்கிறார்கள். புதுச் செயினை முதலிலேயே நீளமாகப் பூட்டிவிட்டவருக்கு மட்டும் இவ்வழி பொருந்தும்.

செயினை மட்டும் மாற்றும் இரண்டாம் வழி நல்ல வழிதான், ஆனால் காலத்தே செய்தால். அதை அறிய ஓர் எஃகு டேப் போதும். செயினின் மேற்பக்கத்தை விறைப்பாக வைத்து, ஓர் ஆணியின் நடுவில் தொடங்கி 24 கண்ணி தள்ளி வரும் ஆணியின் நடுவரை அளந்தால், புதிதில் அது 12 அங்குலம். 12 அங்குலமும் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கும் காட்டினால் செயினை மட்டும் மாற்றிவிடலாம். பிரீவீல் பெரும்பாலும் தப்பித்திருக்கும். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பிரீவீலும் கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி. என் வண்டியில் டேப் 12 அங்குலமும் பதினாறில் மூன்று பங்கும் காட்டியது. இந்நிலையில் புதுச் செயினை மட்டும் மாட்டுவது, சாய்ந்த பற்களின் மேல் சரியான அளவுள்ள கண்ணிகளை ஏற்றுவதாகும். கியர் வண்டிகளில் அது உடனே வழுக்கும். கியர் இல்லாத நம் வண்டியில் செயின் பல்லைச் சுற்றி நன்றாகப் படிந்திருப்பதால் சமதரையில் வழுக்காமலும் போகலாம். ஆனால் கரகரவென்று சத்தமிட்டு, புதுச் செயினைத் தன் வடிவத்துக்கே தேய்த்துக்கொள்ளும், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது தாண்டவும் செய்யும்.

ஆகவே செயினையும் பிரீவீலையும் சேர்த்து மாற்றுவதே, என் கணக்கில், பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தகுந்த வழி. இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்; சிரமமெல்லாம் பழைய பிரீவீலைக் கழற்றுவதில்தான். மிதிக்க மிதிக்க அது ஹப்பில், அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடத்தில், இறுகிக்கொண்டே போகும் மரையில் அமர்ந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் துருவும் சேர்ந்துவிட்டால் கழற்றும் கருவி பொருந்தும் காடி உடைந்துவிடுவதுண்டு. அப்போது மெக்கானிக் மேல்மூடியை உளியால் தட்டித் திறந்து, குண்டுகளையும் கொக்கிகளையும் உதிர்த்துவிட்டு, மிஞ்சிய உள்வளையத்தைப் பெரிய ரிஞ்சால் பிடித்துத் திருப்புவார். பார்ப்பதற்கு முரட்டு வேலைபோல் இருந்தாலும் ஹப்புக்குச் சேதமில்லாத வேலைதான். புதியதைப் பூட்டுமுன் ஹப் மரையில் சிறிது கிரீஸ் தடவச் சொல்லி நிற்பது நல்லது. அடுத்த முறை உளி தேவைப்படாது. பிரீவீலின் உள்ளே மட்டும் கெட்டியான கிரீஸ் கூடாது. அங்கிருக்கும் சிறு கொக்கிகள் மெல்லிய ஸ்பிரிங்கால் எழுந்து நிற்பவை. கிரீஸில் அவை ஒட்டிக்கொண்டால் பெடல் இரண்டு பக்கமும் வெறுமனே சுற்றும். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும்.

பிரீவீலை எப்படியும் மாற்றுகிறோம் என்பதால் பல்லின் எண்ணிக்கையையும் ஒரு கணம் யோசிக்கலாம். 44-க்கு 18 என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.5 மீட்டர் நகரும். 20 பல் போட்டால் 4.9 மீட்டர், 16 என்றால் 6.1 மீட்டர். வடசென்னை சமதரை என்றாலும், பாலங்களும் சுரங்கப்பாதைகளும் எதிர்க்காற்றும் உள்ள ஊர். ஐம்பதைத் தாண்டிய முழங்கால்களுக்கு 20 பல் நிம்மதி தரும். இதே நோக்கத்துக்காகப் பின்னால் ஐந்தாறு கியர் வைத்துக் கொடுப்பதாகச் சிலர் சொல்வதுண்டு. ஹப், ஆக்சில், செயின் அகலம், சில நேரம் பின்போர்க்கின் இடைவெளி எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய அவ்வேலைக்குப் பழைய வண்டியைப் பலியிடுவதை நான் ஏற்கவில்லை.

மூன்றாமவர் சொன்ன முழு மாற்றத்தை ஆசைப்பட்டுச் சொன்னது என்று தள்ளிவிடவும் முடியாது. பெடலை மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’கென்று ஒரு தட்டல் கேட்டால், கிராங்கைப் பிடித்து ஆட்டும்போது பக்கவாட்டில் ஆட்டம் தெரிந்தால், செயின் வீல் நெளிந்து சுற்றினால், அப்போது அவர் சொல்வதே சரி. ஆனால் தட்டலுக்குப் பல நேரம் காரணம் காட்டர் பின் மட்டுமே. கிராங்கை ஆக்சிலோடு பூட்டும் அந்த ஆப்புப் பின் மென்மையான இரும்பு. அதன் சாய்ந்த முகத்தை அரத்தால் ஒழுங்குபடுத்தி, கிராங்கின் கீழே கெட்டியான முட்டுக்கொடுத்து அடித்து இறக்கிய பிறகுதான் நட்டை முடுக்க வேண்டும். நட்டைக் கொண்டே பின்னை இழுத்தால் மரை போய்விடும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அடியெல்லாம் உள்ளே இருக்கும் குண்டுகளுக்கும் கப்புக்கும் போய்ச் சேரும். கப்பின் தடத்தில் குழி விழாதவரை குண்டுகளை மட்டும், பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11 வீதம், புதிதாகப் போட்டால் போதும். வலப்பக்கக் கப்பு இடமரையுள்ளது என்பதை மறந்து, எதிர்ப்பக்கமாகத் திருப்பி மரையை அழித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். காரணமின்றி அதைத் தொடவிடாதீர்கள். செயின் வீலைச் சோதிக்க, அதன் முன்முனையில் செயினை விரலால் பிடித்து முன்னே இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் முதலில் அது செயினின் குற்றம். புதுச் செயினோடும் தெரிந்தால்தான் செயின் வீலின் குற்றம்.

காயலான் கடையில் பழைய பாகம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மட்கார்டு, கம்பி பிரேக், நெளியாத செயின் வீல் கிராங்க் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம், பழைய வார்ப்பு சில நேரம் புதியதைவிடக் கனமாகவே இருக்கும். செயினையும் பிரீவீலையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள். பிறர் வண்டியில் தேய்ந்த அளவு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

புதிதாக வாங்கும்போதும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று அகலம்: நம் வண்டிக்கு எட்டில் ஒரு அங்குல அகலச் செயின்; கியர் வண்டிக்கான குறுகிய செயின் பல்லின் மேலேயே நின்றுவிடும். மற்றொன்று தரம்: செயினைப் படுக்கைவசமாக நீட்டிப் பிடித்தால் பக்கவாட்டில் அதிகம் தொங்கக்கூடாது, உருளைகள் விரலால் சுழல வேண்டும். 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸும் 1960-ல் தொடங்கிய டிஐ டைமண்ட் செயினும் அம்பத்தூரில் வளர்ந்தவை. செயின் செய்யும் ஊரிலேயே இருந்துகொண்டு பெயரில்லாத செயினை வாங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

தண்ணீர் கேன் சுமப்பவர், மீன் சுமப்பவர் ஆகியோருக்கு என் கணக்கு சற்று மாறும். அவர்கள் செயினை அடிக்கடி அளந்துகொண்டிருக்க முடியாது, வேலை நாளும் வீணாகக்கூடாது. ஓடும்வரை ஓட்டிவிட்டுச் செயினையும் பிரீவீலையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதே அவர்களுக்கு லாபம். என்னைப்போல் வெறும் ஆளாக ஓட்டுபவர், பொங்கலுக்கு ஒரு முறையும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும் அளந்து, செயினை மட்டும் காலத்தே மாற்றி வந்தால், ஒரே பிரீவீல் பல செயின்களைக் கண்டுவிடும்.

இறுதியில் இரண்டாம் கடையிலேயே 112 கண்ணிச் செயினும் 20 பல் பிரீவீலும் போட்டேன். ஒரு ஜோடி காட்டர் பின் மாற்றினேன். செயின் வீலையும் கப்புகளையும் அப்படியே விட்டேன். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்கிறதா என்று நின்று பார்த்தேன். செயினில் அரை அங்குலத் தொங்கல் வைத்துப் பின்சக்கர ஆக்சிலை முடுக்கியதும், பின்போர்க்கில் நட்டு நிற்கும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். தொங்கலை எடுக்க ஆக்சிலை அவ்வப்போது பின்னே தள்ளி வந்தால், செயின் ஒரு சதவீதம் நீள்வதற்குள் அது அந்தக் கோட்டிலிருந்து 7 மில்லிமீட்டர் பின்னால் போயிருக்கும். அதில் பாதி தூரத்தில் இன்னொரு கோடு போட்டிருக்கிறேன். நட்டு அங்கே வந்து சேர்ந்த அன்று புதுச் செயின் வாங்கக் கிளம்புவேன்.