பதினோரு ஆண்டுகள், நாற்பது பாடல்கள், ஒரு நோட்டு

எங்கள் நோட்டில் நாற்பது பாடல்கள் இருக்கின்றன. எல்லாமே 1986க்கும் 1989க்கும் இடையில் வெளிவந்த ஆங்கில பாப் பாடல்களும் நடனப் பாடல்களும். ஐந்து பேர் ஆண்டுக்கு நான்கு முறை கூடி உட்கார்ந்து, அவற்றுள் எது மேல் எது கீழ் என்று வரிசைப்படுத்துகிறோம். இது பதினோராம் ஆண்டு. இதற்குள் மூன்று விதமான வரிசை முறைகளைப் பயன்படுத்திவிட்டோம். எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை இங்கே எழுதுகிறேன். நண்பர்களோடு இதே வாக்குவாதத்தில் இறங்க நினைப்பவர்களுக்கு எங்கள் முதல் ஆறு ஆண்டுகளின் தவறுகளாவது மிச்சமாகட்டும்.

ஏன் அந்த நான்கு ஆண்டுகள் மட்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சிகாகோவின் நடன அரங்குகளில் பிறந்த ஹவுஸ் இசை, 1987 ஜனவரியில் ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் பாடல் வழியாகப் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளை ஒட்டிச் செய்த 'பம்ப் அப் தி வால்யூம்' அதே இடத்தைப் பிடித்தது. பல்லவி, சரணம் என்று எழுதிப் பாடகரைப் பாடவைக்கும் பழைய வழியும், சாம்பிளர் என்ற கருவியில் துண்டுகளை அடுக்கும் புதிய வழியும் ஒரே பட்டியலில் தோளோடு தோள் இடித்துக்கொண்ட காலம் அது. அதனால்தான் அந்தப் பாடல்களை ஒப்பிடுவது இவ்வளவு கடினமாகவும் இவ்வளவு இன்பமாகவும் இருக்கிறது.

முதல் மூன்று ஆண்டுகள் மதிப்பெண் முறைதான். ஆளுக்குப் பத்துப் பாடல்களை எழுத வேண்டும். முதலிடத்துக்குப் பத்து மதிப்பெண், பத்தாம் இடத்துக்கு ஒன்று. கூட்டினால் முடிந்தது. இருபது நிமிட வேலை. மூன்று ஆண்டும் ரிக் ஆஸ்ட்லியின் 'நெவர் கோனா கிவ் யூ அப்' தான் முதலில் வந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் சீட்டுகளை எடுத்துப் பரப்பிப் பார்த்தோம். எங்களில் ஒருவர்கூட அதை ஒருமுறையும் முதலிடத்தில் எழுதியிருக்கவில்லை. எல்லார் சீட்டிலும் மூன்றாவதோ நான்காவதோ இருந்தது. யாருக்கும் உயிரானதாக இல்லாமல், யாருக்கும் ஆகாததாகவும் இல்லாத பாடலை மேலே தூக்கிவிடுவது இந்த முறையின் இயல்பு. ஆளுக்கு ஒன்றாகத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் பாடல்கள் நடுவிலேயே நசுங்கிப் போகின்றன.

அந்தப் பாடலைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அது 1987 கோடையில் வெளிவந்து பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டு அங்கே மிக அதிகமாக விற்ற தனிப்பாடலும் (ஆல்பமாக அல்லாமல் தனித் தட்டாக விற்ற பாடல்) அதுவே. அதை எழுதித் தயாரித்த ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் என்ற மூவர் அணியின் பாடல்களைத் தொழிற்சாலைச் சரக்கு என்று ஒதுக்குவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தொடக்கத்தில் டிரம் உருண்டு இறங்கும் அந்த இரண்டு விநாடியையும், அடுத்து 21 வயது இளைஞர் ஒருவரிடமிருந்து வரும் அந்தக் கனத்த ஆழ்குரலையும் ஒருமுறை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். தாளம் இயந்திரத்தினுடையது. குரல் முழுக்க முழுக்க மனிதனுடையது. அந்த மூவரின் ஸ்டூடியோவிலேயே எடுபிடி வேலைகள் செய்துகொண்டிருந்தவர் அவர்.

நான்காம் ஆண்டு, இரண்டிரண்டாக மோதவிடும் முறைக்கு மாறினோம். ஒவ்வொரு பாடலும் மற்ற எல்லாப் பாடல்களோடும் ஒருமுறை மோத வேண்டும். நாற்பது பாடல்களுக்கு 780 மோதல்கள். பாடலுக்கு ஒரு நிமிடம் வீதம் கேட்டாலும் 26 மணி நேரம். உண்மையாகவே செய்து முடித்தோம்: நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் ஆறரை மணி நேரம். முடிவில் தலைசுற்ற வைக்கும் ஒன்று நடந்தது. சோல் டு சோல் குழுவின் 'பேக் டு லைஃப்', பிளாக் பாக்ஸின் 'ரைட் ஆன் டைம்' (Ride on Time) பாடலை வென்றது. 'ரைட் ஆன் டைம்' ரிக் ஆஸ்ட்லியை வென்றது. ரிக் ஆஸ்ட்லி 'பேக் டு லைஃப்' பாடலை வென்றுவிட்டார்! யாரோ தவறாக எண்ணிவிட்டார்கள் என்று மறுபடி எண்ணினோம். தவறே இல்லை. தனித்தனியே ஒவ்வொருவர் வரிசையும் ஒழுங்காகத்தான் இருந்தது. பெரும்பான்மையாகச் சேர்க்கும்போதுதான் வட்டம் போட்டது. இந்தச் சிக்கலை கொண்டோர்செ என்ற பிரெஞ்சு அறிஞர் 1785லேயே எழுதிவைத்திருக்கிறார் என்று பிறகுதான் படித்தேன். அன்றிலிருந்து 'எல்லாருக்கும் பிடித்த பாடல் எது?' என்று யாராவது எளிதாகக் கேட்டால் எனக்கு அந்த வட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

ஐந்தாம் ஆண்டு முதல் இன்றுவரை செருகும் முறை. இருக்கும் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பாடலை மட்டும் வெளியே எடுத்து மறுபடி இடம் தேடுவது, அல்லது புதிய பாடல் ஒன்றை உள்ளே கொண்டுவருவது. முதலில் வரிசையின் நடுவில் இருக்கும் பாடலோடு மோதவிடுவோம். வென்றால் மேல் பாதியின் நடுவோடு, தோற்றால் கீழ்ப் பாதியின் நடுவோடு. அதிகபட்சம் ஆறு மோதல்களில் இடம் கிடைத்துவிடும். ஒரு மாலையில் நான்கைந்து பாடல்களை முழுதாகக் கேட்டு, நிதானமாகப் பேசி முடிக்கலாம். வட்டம் போடும் சிக்கல் இதிலும் மறைந்தே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் நீண்ட நாள் உழைக்கும் முறை இதுதான் என்பேன்.

முறையைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. ஆறாம் ஆண்டு முழுவதும் இணைய இசைச் சேவை ஒன்றிலிருந்துதான் பாடல்களைப் போட்டோம். அன்றைய குழு ஒன்றின் பாடல் அமர்வுக்கு அமர்வு கீழே இறங்கிக்கொண்டே போனது. எனக்கு மிகவும் பிடித்த பாடல் அது. ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறது என்று மனம் நொந்துபோனேன். நான்காம் அமர்வில் ஒரு நண்பர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சை இழுக்கும் சத்தம் தன் பழைய தட்டில் கேட்கும், இதில் இல்லையே என்றார். தேடிப் பார்த்தோம். அதே குழு பல ஆண்டுகள் கழித்து மறுபடி பாடிப் பதிவு செய்த பிரதி அது. பெயர், அட்டைப் படம் எல்லாம் பழையவை போலவே இருந்தன. ஓராண்டுத் தீர்ப்பை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

அன்றுமுதல் நோட்டில் ஒவ்வொரு பாடலுக்கும் பதிப்பு, நீளம், பதிவான ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுகிறோம். எழுதத் தொடங்கியதும்தான் எங்கள் பழைய சண்டைகளில் பாதிக்குக் காரணம் தெரிந்தது. 'பேக் டு லைஃப்' பற்றி இரண்டு பேர் ஆண்டுக்கணக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மனதில் இருந்தது சோல் டு சோலின் முதல் ஆல்பத்தில் வந்தது. அதில் பெரும்பகுதி வாத்தியத் துணையில்லாத வெறும் குரல். மற்றவர் மனதில் இருந்தது 1989இல் தனிப்பாடலாகத் தாளத்தோடு புதிதாகச் செய்து, பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. இருவரும் கேரன் வீலரின் குரலைத்தான் புகழ்ந்தார்கள், ஆனால் இரண்டு வேறு பாடல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். 7 அங்குலத் தட்டா 12 அங்குலத் தட்டா என்பதும் இப்படித்தான். 12 அங்குலத் தட்டில் வரித்தடங்களுக்கு இடம் தாராளம். பேஸ் என்ற தாழ்ந்த ஒலி ஆழமாக இறங்கும், இடையிசை நீண்டு ஓடும். நடன அரங்குக்கென்றே செய்த அந்தப் பதிப்பை வானொலிக்கான மூன்றரை நிமிடப் பதிப்போடு மோதவிடுவது நியாயமில்லை. எங்கள் வழக்கம்: தனிப்பாடலாக விற்ற 7 அங்குலப் பதிப்பே கணக்கு, அப்படி ஒன்று இல்லாதவற்றுக்கு மட்டும் விலக்கு.

ஒலி அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு பாடல்களில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். பிற்காலத்தில் மெருகேற்றி வெளியிட்ட பிரதிகள் பெரும்பாலும் உரக்கவே இருக்கின்றன. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஓட்டெடுப்பு.

ஏழாம் ஆண்டு சேர்த்த வரிதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது: 'குரல் யாருடையது?' 'ரைட் ஆன் டைம்' பாடலைப் போட்டால் அறையே எழுந்து நிற்கும். 1989இல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம்; அந்த ஆண்டில் மிக அதிகமாக விற்ற தனிப்பாடல். மேடையிலும் வீடியோவிலும் வாயசைத்தவர் ஒரு மாடல் அழகி. அந்தத் தொண்டையோ லொலீட்டா ஹாலோவே என்ற பாடகியுடையது. 1980இல் அவர் பாடிய 'லவ் சென்சேஷன்' பாடலிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் அவை. சட்டச் சிக்கல் எழுந்ததும் ஹெதர் ஸ்மால் என்ற பாடகியைக் கொண்டு அதே வரிகளை மறுபடி பாடவைத்து இன்னொரு பதிப்பை வெளியிட்டார்கள். ஆக, ஒரே பெயரில் இரண்டு குரல்கள் உலவுகின்றன. எங்கள் நோட்டில் அது இரண்டு வரியாக இருக்கிறது. ஹாலோவேயின் குரல் உச்சத்தில் உடைந்து கரகரக்கும் இடத்தை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்ட அன்று யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. டெக்னோட்ரானிக்கின் 'பம்ப் அப் தி ஜாம்' பாடலிலும் இதே கதை: அட்டையிலும் வீடியோவிலும் ஃபெல்லி என்ற மாடல், பாடியவர் யா கிட் கே. பிளாக் பாக்ஸின் அடுத்தடுத்த பாடல்களைப் பாடிய மார்த்தா வாஷ் தன் பெயருக்காக நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. வரிசையில் எந்தப் பாடலை எங்கே வைத்தாலும் பாடியவரின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வைப்பது என்று அன்று முடிவு செய்தோம். இந்தப் பதினோரு ஆண்டில் நாங்கள் செய்த மிக நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் ஆண்டில் எங்களில் ஒருவர் வெளியூர் போய்விட்டதால் அவர் இடத்துக்கு 1994இல் பிறந்த ஒருவர் வந்தார். இந்தப் பாடல்களோடு அவருக்குப் பள்ளிக்கூட நினைவு இல்லை, முதல் காதல் இல்லை, தேய்ந்த கேசட் இல்லை. அவர் வந்த ஆண்டிலேயே நினைவின் தோளில் ஏறி நின்ற ஐந்தாறு பாடல்கள் சரிந்தன. டெரிக் மேயின் 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' மேலே ஏறியது. 1987இல் டெட்ராய்டில் பிறந்தது. பாட்டு வரிகள் இல்லை, பேஸ் வரியும் இல்லை. பியானோவும் தந்தி வாத்திய ஒலிகளும் தாளமும் மட்டும். எங்கள் இளமையில் நாங்கள் கேட்டே இராத அதை அவர் முப்பது முறையாவது போட்டுக்காட்டியிருப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அது மூன்றாம் இடத்தில் இருக்கிறது, என் ஓட்டும் அதற்குத்தான். உங்கள் குழுவில் இப்படி நினைவுச் சுமை இல்லாத ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனைப் பட்டியலைச் சான்றாகக் காட்டுவதை எட்டாம் ஆண்டோடு விட்டுவிட்டோம். அன்றைய பிரிட்டன் பட்டியல் கடை விற்பனையை மட்டும் எண்ணியது. அமெரிக்காவின் ஹாட் 100 விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் சேர்த்தது. இரண்டையும் ஒன்றாக நீட்டி வாதாடுவதில் பொருளில்லை.

இன்றைய நிலவரம்: தனிப்பாடலாக வந்த 'பேக் டு லைஃப்' முதலிடம், ஹாலோவே குரலிலான 'ரைட் ஆன் டைம்' இரண்டு, 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' மூன்று, மடோனாவின் 'லைக் எ பிரேயர்' நான்கு, ரிக் ஆஸ்ட்லி ஐந்து. நான்காம் இடத்துக்கு நான் போராடியிருக்கிறேன். கிட்டார் உறுமி, சட்டென்று கதவடைத்தாற்போல் நின்று, சேர்ந்திசைக் குரல்கள் எழும் அந்தத் தொடக்கம் போதும் எனக்கு. யாஸ் பாடிய 'தி ஒன்லி வே இஸ் அப்' ஏழாவது. அதை 1980இல் முதலில் பாடியவர் ஓடிஸ் கிளே என்று அறிந்து அவர் பதிவைக் கேட்ட பிறகு, இரண்டு பேர் இன்னும் மேலே கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாங்கள் வரிசைப்படுத்துவது 1988இன் பதிவை.

அடுத்த அமர்வில் இன்னர் சிட்டியின் 'குட் லைஃப்' உள்ளே வருகிறது. குரல் பாரிஸ் கிரே என்று நோட்டில் எழுதியாகிவிட்டது. முதல் மோதல் இருபதாம் இடத்திலுள்ள 'பம்ப் அப் தி வால்யூம்' பாடலோடு. ஒன்று உள்ளே வந்தால் நாற்பதாவது வெளியே போக வேண்டும் என்பது விதி. அந்த நாற்பதாவது பாடலை ஆரம்பம் முதல் தாங்கிப் பிடித்துவரும் நண்பர், வெளியே அனுப்புவதற்கு முன்னால் அதன் 12 அங்குலப் பதிப்பை முழுதாக ஒருமுறை போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தட்டை அவரே கொண்டுவருகிறாராம்.