'ரீ-அனிமேட்டர்' பார்ப்பதா, 'ஃப்ரம் பியாண்ட்' பார்ப்பதா?

இரண்டுமே அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளை வைத்து இயக்குநர் ஸ்டூவர்ட் கோர்டன் குறைந்த செலவில் எடுத்த படங்கள்.

1985-இல் வந்த 'ரீ-அனிமேட்டர்', 1922-இல் தொடராக வெளியான கதையிலிருந்து பிறந்தது. செத்தவர்களை எழுப்பும் பச்சை மருந்து, வெட்டுப்பட்ட தன் தலையைத் தானே தூக்கிக்கொண்டு அலையும் டாக்டர் என்று கூத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் நாயகன் ஜெஃப்ரி கோம்ப்ஸ் நம்மைச் சிரிக்கவைக்க மெனக்கெடுவதே இல்லை. விறைப்பாக, எரிச்சலோடு, ஏதோ மகத்தான ஆராய்ச்சி நடப்பதைப் போலவே நடிக்கிறார். நமக்குச் சிரிப்பு வருவதே அதனால்தான்.

அடுத்த வருடம் வந்த 'ஃப்ரம் பியாண்ட்' படத்திலும் கோம்ப்ஸும் முதல் படத்தின் நாயகி பார்பரா கிராம்ப்டனும்தான். மூலக்கதை சில பக்கங்கள்தான். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அது தீர்ந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் திரைக்கதையின் கைச்சரக்கு. இளஞ்சிவப்பு ஒளியும் கொழகொழ உருவங்களும் முந்தைய படத்தைவிடக் கண்ணைப் பறிக்கும். சிரிப்பு குறைவு, அருவருப்பு அதிகம்.

என் ஓட்டு முதல் படத்துக்கே. மேக்கப் வேலைப்பாட்டுக்காகவே இந்த மாதிரிப் படம் பார்ப்பவர்கள் இரண்டாவதில் தொடங்கலாம். எழுத்தில் இருந்த அந்தக் கனத்த திகில்தான் வேண்டுமா? அப்படியென்றால் இரண்டையும் விட்டுவிட்டுக் கதைகளையே படித்துவிடுங்கள்.