'லைவ்!' எடுக்கலாமா, 'பாபிலோன் பை பஸ்' எடுக்கலாமா?

ரெகே பாடகர் பாப் மார்லியும் அவருடைய வெய்லர்ஸ் குழுவும் மேடையில் எப்படி இருந்தார்கள் என்று கேட்க ஆசைப்படுபவர்களுக்கு வழக்கமாக இரண்டு ஆல்பங்களைச் சொல்வார்கள். ஒன்று, 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பதிவான 'லைவ்!'. மற்றது 1978இல் வந்த இரட்டை எல்.பி. (இரண்டு இசைத்தட்டு), 'பாபிலோன் பை பஸ்'.

என் ஓட்டு முதலாவதுக்குத்தான். மொத்தமே ஏழு பாட்டு. ஒன்றையும் தாண்டிப் போக மனம் வராது. 'நோ வுமன், நோ க்ரை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974 ஸ்டுடியோ வடிவத்தில் டிரம் மெஷின் தட்ட, நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சொல்லப்போனால் கொஞ்சம் அவசரம். லைசியத்தில் அது வேகம் குறைந்து ஏழு நிமிடம் நீள்கிறது. ஆர்கன் எழும்பியதும் கூட்டமே பல்லவியைப் பிடித்துக்கொள்கிறது. பிரிட்டனில் ஹிட்டானதும் இந்த மேடை வடிவம்தான்.

'பாபிலோன் பை பஸ்' வேறு ரகம். பெரும்பகுதி பாரிஸில் பதிவானது, 13 பாட்டு. கிட்டாரிஸ்ட் ஜூனியர் மார்வின் குழுவில் சேர்ந்தபின் கிட்டாரில் ராக் வாடை கூடிவிட்டது. பெரிய அரங்கின் முழக்கம் தெரிகிறது. 'எக்ஸோடஸ்' போன்ற பாட்டுக்கு அது பொருத்தம். ஆனால் இரண்டு தட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் நடுவில் தொய்கிறது.

பேஸ் கிட்டாரில் ஆஸ்டன் பாரெட், டிரம்ஸில் தம்பி கார்ல்டன். இந்த ஜோடி இரண்டிலும் உண்டு. நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அப்புறம் இரண்டாவதையும் வாங்குங்கள். முதலில் 'லைவ்!'.