லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து விண்டோஸ் கணினிகளை மேய்க்க எது தோது?

என் மேசையில் இருப்பது டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் லேப்டாப். பார்த்துக்கொள்ள வேண்டிய கணினிகள் எல்லாம் விண்டோஸ். நாற்காலியை விட்டு எழாமல் வேலையை முடிக்க நான்கு வழிகள் இருக்கின்றன: தூரத்துத் திரையைக் காட்டும் ஆர்டிபி, விஎன்சி, கட்டளைகளை அனுப்பும் வின்ஆர்எம், எஸ்எஸ்ஹெச்.

பெரும்பாலானவர்கள் முதலில் போவது ஆர்டிபிக்குத்தான். லினக்ஸில் ரெம்மினா என்ற செயலியைத் திறந்தால் நேரில் உட்கார்ந்த மாதிரி விண்டோஸ் திரை வந்துவிடும். ஆனால் ஹோம் பதிப்பு ஓடும் கணினிக்குள் இப்படி நுழைய முடியாது, புரோ வேண்டும். விண்டோஸ் 10, 11இல் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். நீங்கள் நுழைந்ததும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தவரின் திரை பூட்டிக்கொள்ளும். அப்புறம் "சார், எதுவும் தெரியல" என்று போன் வரும். ஆர்டிபி பயன்படுத்தும் 3389 போர்ட்டை (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்கவே கூடாது. 2019இல் வெளிவந்த ப்ளூகீப் என்ற ஆர்டிபி பாதுகாப்பு ஓட்டையில் நுழையக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. அதன் தீவிரத்தைப் பார்த்து, ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

மறுமுனையில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? அப்போது விஎன்சி. இருவரும் ஒரே திரையைப் பார்க்கலாம். மற்றபடி படத்தை அப்படியே அனுப்புவதால் இழுவை அதிகம். அதன் பழைய முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளுக்குத்தான் மதிப்பு.

ஐம்பது கணினிகளில் ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டும் என்றால் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். வின்ஆர்எம் அதற்குத்தான், 5985, 5986 போர்ட்டுகளில் ஓடும். பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆன்சிபில் கருவியோடு நன்றாக ஒத்துப்போகும். மைக்ரோசாஃப்டின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை லினக்ஸில் போட்டு அதிலிருந்து நேராக வின்ஆர்எம்மைப் பிடிக்கப் பார்த்தால்தான் தலைவலி. அந்த வழியை மைக்ரோசாஃப்டே கைகழுவிவிட்டது.

என் ஓட்டு எஸ்எஸ்ஹெச்சுக்கு. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரைக் கூடுதல் வசதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே போர்ட், 22. கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும், லினக்ஸ்காரருக்குப் பழகிய சாவிக் கோப்புகள், பழகிய கட்டளை. உள்ளே போனதும் விண்டோஸின் பழைய கட்டளைத் திரையான சிஎம்டி வந்து நிற்கும். விண்டோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் பவர்ஷெல் வரும்.

புதியவர்கள் தடுக்கி விழுவது சாவி விஷயத்தில்தான். அட்மின் கணக்காக இருந்தால் ஹோம் ஃபோல்டரில் வைத்த பொதுச்சாவியை எஸ்எஸ்ஹெச் சர்வர் திரும்பிக்கூடப் பார்க்காது. புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்_ஆதரைஸ்டு_கீஸ்' என்ற கோப்பில்தான் வைக்க வேண்டும். அந்தக் கோப்பில் அட்மின்களுக்கும் விண்டோஸின் 'சிஸ்டம்' கணக்குக்கும் மட்டுமே உரிமை இருக்க வேண்டும். வேறு யாருக்காவது எழுதும் உரிமை இருந்தாலும் சாவி வேலை செய்யாது. இன்னொரு குறை, சாவியோடு நுழைந்தபின் அங்கிருந்து வேறொரு சர்வரின் பகிர்வு ஃபோல்டரைத் திறக்கப் போனால் அனுமதி மறுக்கப்படும். வின்ஆர்எம்மிலும் இயல்பான அமைப்பில் இதே கதைதான், அதைத் தீர்க்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

ஆன்சிபிலும் அதன் கோர் 2.18 பதிப்பிலிருந்து விண்டோஸுக்கு எஸ்எஸ்ஹெச்சை முறையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. புதிய சர்வர்களோடு இப்போது தொடங்குபவர் 5985 பக்கமே போக வேண்டியதில்லை.